அலைனருக்கு அடியில் இருக்கும் பல்

பல்லை நேராக்க மாட்டும், கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மூடியான அலைனரில் பதினோராவது செட் போட்டிருந்த சமயம் அது. வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தேன். பற்கள் திட்டப்படி நகர்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அடுத்த நான்கு செட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். டாக்டர் என் மேல் கோரைப்பல்லைப் பஞ்சால் துடைத்தார். காற்றுக் குழாயால் சில நொடிகள் ஊதிக் காயவைத்தார். பிறகு கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "ஈறு ஓரமாப் பாருங்க" என்றார்.

ஈரமாக இருந்தவரை பளபளப்பாகத் தெரிந்த பல்தான். காய்ந்ததும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. பக்கத்துப் பல்லில், அலைனருக்குப் பிடிமானமாக ஒட்டும் சின்ன மேடான அட்டாச்மென்ட் இருந்த இடத்தைச் சுற்றியும் மங்கலாக ஒரு வளையம். கறை என்று நினைத்து நகத்தால் சுரண்டப் போனேன். டாக்டர் தடுத்தார். "இது கறை இல்லைங்க. எனாமல்ல இருந்து சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு போன இடம். சொத்தையோட முதல் படி. இன்னும் குழி விழலை, அதனால இப்பவே கவனிச்சா இதோட நிறுத்திடலாம்."

எனக்கு நிஜமாகவே புரியவில்லை. தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன். அலைனரை நாளைக்கு 22 மணி நேரம் தவறாமல் போடுகிறேன். பழைய கம்பிக் கிளிப் போல உணவு சிக்கிக்கொள்ளும் கம்பி எதுவும் வாயில் கிடையாது. அப்படியிருக்க எப்படி? டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேலை பார்க்கும்போது என்ன குடிப்பீங்க?"

சர்க்கரை போட்ட காபி. கணினி முன்னால் உட்கார்ந்தால் ஒரு பெரிய கோப்பையை வைத்துக்கொண்டு, காலை முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடிப்பேன். அதுவும் அலைனரைக் கழற்றாமல். கழற்றினால் 22 மணி நேரக் கணக்கு குறைந்துவிடுமே என்பதுதான் காரணம். பல் சீக்கிரம் நேராக வேண்டும் என்ற அவசரத்தில், அந்தப் பல்லையே அரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இப்போது என் தங்கச்சி அலைனர் போட முடிவு செய்திருக்கிறாள். போன வாரம் போனில், "அக்கா, இதுல கஷ்டம் என்னன்னு உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள். வலியைப் பற்றியோ பேச்சு குழறுவதைப் பற்றியோதான் கேட்கிறாள் என்று தெரியும். அவை இரண்டும் ஒரு வாரத்துக்குள் பழகிவிடும். நான் அவளிடம் அரை மணி நேரம் பேசியது வேறு விஷயம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அலைனர் என்பது பல்லின் மேல் போடும் மூடி. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம் வாயில் நாள் முழுக்க எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது வெறும் தண்ணீர் கிடையாது. உணவுத் துகளைக் கழுவிக்கொண்டு போகிறது, அமிலத்தைத் தணிக்கிறது, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுமந்து வந்து எனாமலில் ஏற்படும் சின்னச் சின்ன இழப்பை அவ்வப்போது சரிசெய்கிறது. பல்லுக்குக் கிடைத்திருக்கும் இயற்கையான காவல் அதுதான். அலைனரை மாட்டியதும் அந்த எச்சிலின் ஓட்டம் பல்லின் மேற்பரப்புக்குச் சரியாகப் போவதில்லை. உள்ளே சுத்தமான பல் இருந்தால் கவலை இல்லை. உணவோ இனிப்போ பல்லில் இருக்க மேலே மூடியைப் போட்டுவிட்டால், கிருமிகளுக்கு வேண்டிய தீனியைக் கொடுத்துக் கதவையும் சாத்திவிட்டதாக ஆகிவிடுகிறது.

இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிப் படலம் அமிலத்தை உண்டாக்கத் தொடங்கிவிடும். அமில அளவைக் காட்டும் பி.எச். எண் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது என்பது பொதுவான கணக்கு. பிறகு எச்சில் மெதுவாக வேலை செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். 1940-களில் ஸ்டீஃபன் என்பவர் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் அளந்து காட்டினார். பல் மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் அதை ஸ்டீஃபன் வளைவு என்றுதான் சொல்கிறார்கள். டாக்டர் ஒரு தாளில் அந்த வளைவை எனக்கு வரைந்து காட்டினார். ஒரு கோப்பை காபியைப் பத்து நிமிடத்தில் குடித்து முடித்தால் ஒரு பள்ளம். அதே கோப்பையை இரண்டு மணி நேரம் உறிஞ்சினால், முதல் பள்ளத்திலிருந்து ஏறும் முன்பே அடுத்த பள்ளம், அதற்குள் இன்னொன்று. நானோ இதற்கு மேல் மூடியையும் போட்டிருந்தேன். அலைனருக்கும் பல்லுக்கும் நடுவே புகுந்த காபியை எச்சில் வந்து கழுவவே இல்லை.

அன்றைக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அலைனர் வாயில் இருக்கும்போது தண்ணீர் மட்டும்தான். வேறு எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லாத காபி, டீ கூட வேண்டாம். அவை அலைனருக்கு நிறம் ஏற்றிவிடும், சூடு அதன் வடிவத்தைக் கெடுத்துவிடும். சர்க்கரை இல்லாத சோடா பானங்களில் இனிப்பு இல்லாவிட்டாலும் அமிலம் இருக்கிறது, அதுவும் அடியில் தேங்கும். கொஞ்சம்தானே, உறிஞ்சு குழலால் குடித்தால் பரவாயில்லையா என்றெல்லாம் நானும் கேட்டுப் பார்த்தவள்தான். உறிஞ்சு குழல் முன்பல்லைத் தாண்டிக் கொண்டுபோகும், கடைவாய்ப்பல்லைத் தாண்டிக் கொண்டுபோகாது.

காபியை நான் விடவில்லை. காலை உணவோடு சேர்த்துவிட்டேன். 22 மணி நேரம் போட வேண்டும் என்றால் கழற்றி வைக்க நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் மூன்று வேளைச் சாப்பாடு, காபி, பல் துலக்குவது எல்லாம் முடிய வேண்டும். முதல் மாதம் இது சிறை மாதிரி இருந்தது. அப்புறம்தான் இதிலிருக்கும் நன்மை தெரிந்தது. நடுநடுவே கொறிக்கும் பழக்கம் தானாகவே நின்றுவிட்டது, ஏனென்றால் ஒரு பிஸ்கட்டுக்காகக் கழற்றி, கழுவி, துலக்கி, மறுபடி மாட்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. சாப்பிட வேண்டியதைச் சாப்பாட்டு நேரத்திலேயே முடித்துவிட்டால், அமிலம் பல்லைத் தாக்கும் நேரமும் நாளுக்கு மூன்று நான்கு முறையோடு நின்றுவிடுகிறது. இனிப்பு சாப்பிட ஆசையா? தாராளமாகச் சாப்பாட்டோடு சாப்பிடலாம். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது மட்டுமல்ல, எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதையும் பல் கணக்கு வைத்துக்கொள்கிறது.

இதில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. ஒரு முறை சளியும் தொண்டை வலியும் வந்து நான்கு நாள் படுத்திருந்தேன். தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே இருந்தேன். இரவு படுக்கும் முன் இனிப்பான இருமல் மருந்து. மருந்துதானே என்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆனால் பல்லுக்கு மருந்திலிருக்கும் சர்க்கரையும் சர்க்கரைதான். போதாக்குறைக்குச் சளி மாத்திரைகளில் சில வாயை உலர்த்திவிடும். எச்சிலும் குறைந்து, இனிப்பும் தேங்கி, மேலே மூடியும் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உடம்பு சரியில்லாத நாளில் பல்லைப் பற்றி நினைக்கத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. இப்போது அலைனரைக் கழற்றி மருந்தைக் குடித்து, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் மாட்டுவேன். சர்க்கரை சேர்க்காத மருந்தோ மாத்திரையோ கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

அடுத்தது பல் துலக்குவது. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் துலக்கிவிட்டு மாட்ட வேண்டும் என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் புளிப்பான பழமோ பழச்சாறோ சாப்பிட்ட உடனே துலக்கக் கூடாது. அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு சற்று நேரம் மிருதுவாக இருக்கும். அப்போது பிரஷால் தேய்த்தால் தேய்மானம் கூடும். குறைந்தது அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தால் அலைனர் நேரம் போகிறதே என்று தவித்தேன். டாக்டர் சொன்ன வழி எளிமையாக இருந்தது. புளிப்பு சாப்பிடப் போகும் காலையில், சாப்பிடும் முன்பே நன்றாகத் துலக்கிவிட வேண்டும். கிருமிப் படலம் ஏற்கெனவே போய்விட்டதால் அமிலம் உண்டாக்க ஆள் இல்லை. சாப்பிட்ட பிறகு தண்ணீரால் பலமாக நான்கைந்து முறை கொப்பளித்து, பல்லிடுக்கில் நூல் விட்டு எடுத்து, சில நிமிடம் எச்சில் ஊற விட்டுப் பிறகு மாட்டலாம். மற்ற வேளைகளில் சாப்பிட்டதும் துலக்கிவிடுவேன்.

துலக்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. அட்டாச்மென்ட் என்பது பல்லை அலைனர் இறுகப் பிடிப்பதற்காக ஒட்டும், பல் நிறத்திலேயே இருக்கும் சின்ன மேடு. எனக்கு மேலும் கீழுமாகப் பதினான்கு ஒட்டியிருந்தார்கள். நேராகத் துலக்கினால் பிரஷ் அந்த மேட்டின் முகட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். மேட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் குறுகலான இடத்தில் அழுக்கு அப்படியே தங்கும். எனக்குக் கீற்று விழுந்ததும் அதே இடத்தில்தான். அதனால் முதலில் பிரஷை ஈறு ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து மெதுவாக அசைக்கிறேன். பிறகு மேட்டின் மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று இரண்டு கோணத்திலும் சாய்த்துத் தேய்க்கிறேன். மிருதுவான இழைகளும் சின்னத் தலையும் உள்ள பிரஷ் போதும். அழுத்தித் தேய்ப்பதால் சுத்தம் கூடுவதில்லை, ஈறுதான் கீழிறங்கும். நாக்கால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இல்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். அதுதான் என் அளவுகோல்.

பேஸ்டில் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருப்பது வழக்கமான அளவு. ஃப்ளூரைடு எனாமலோடு சேரும்போது அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கும் பரப்பு உருவாகிறது. இழந்த தாதுவும் திரும்பச் சேர உதவுகிறது. நான் சிறுவயதிலிருந்தே துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டு மூன்று நான்கு முறை கொப்பளிப்பவள். பேஸ்டிலிருக்கும் ஃப்ளூரைடு முழுவதையும் நானே கழுவி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது நாற்பது வயதில்தான் தெரிந்தது. இப்போது நுரையைத் துப்புவதோடு சரி. இரவில் அப்படியே அலைனரை மாட்டிக்கொண்டு படுக்கிறேன். எச்சிலைத் தடுக்கும் அதே மூடி, இந்த நேரத்தில் ஃப்ளூரைடைப் பல்லோடு பிடித்து வைத்துக்கொள்கிறது.

இரவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். வாய் திறந்து தூங்குபவர்களுக்கு இருப்பதும் உலர்ந்துபோகும். ஏழெட்டு மணி நேரம் அந்த நிலையில் அலைனரும் மேலே இருக்கிறது. பகலில் ஒரு வேளை துலக்க முடியாமல் போனால் எச்சில் ஓரளவு காப்பாற்றும். இரவில் துலக்காமல் மாட்டிக்கொண்டு தூங்கினால் காப்பாற்ற யாரும் இல்லை. களைப்பான நாட்களில் நானும் அப்படித் தூங்கியிருக்கிறேன், மாதத்துக்கு மூன்று நான்கு முறை இருக்கும். இப்போது அந்தப் பலவீனத்துக்கு ஒரு வழி செய்துவிட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்த உடனே, சோபாவில் உட்காரும் முன்பே, நூல் விட்டு, துலக்கி, மாட்டிவிடுகிறேன். படுக்கும்போது செய்யலாம் என்று தள்ளிப்போட்டால்தான் சிக்கல். மாட்டிவிட்டால் பிறகு எதையும் சாப்பிடவும் தோன்றாது.

வெளியே போகும் நாட்களில் என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். கைப்பையில் மடக்கு பிரஷ், சின்ன பேஸ்ட், நூல், டப்பா நான்கும் எப்போதும் இருக்க வேண்டும். அப்படியும் துலக்க இடம் கிடைக்காத நாட்கள் வரும். அப்போது வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அலைனரை நான்கு மணி நேரம் டப்பாவிலேயே வைத்துவிடாதீர்கள். வாயைத் தண்ணீரால் பலமாகக் கொப்பளித்து, அலைனரையும் கழுவி, மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றித் துலக்குங்கள். என்றோ ஒரு நாள் இப்படி நடப்பதால் பல் கெட்டுவிடாது. இதுவே வழக்கமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஈறு விஷயத்தில் என்னிடம் ஒரு தவறான எண்ணம் இருந்தது. கீழ் முன்பற்களின் நடுவே நூல் விடும்போது இரத்தம் வந்தது. புண் ஆறட்டும் என்று அந்த இடத்தை விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் ஈறு சிவந்து வீங்கி, அலைனரின் ஓரம் அதன்மேல் உராய ஆரம்பித்தது. அலைனர்தான் வெட்டுகிறது என்று புகார் சொல்லப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, அலைனர் ஓரம் சரியாகத்தான் இருக்கிறது, ஈறுதான் வீங்கி மேலே வந்திருக்கிறது என்றார். இரத்தம் வருவது நூலை நிறுத்தச் சொல்லும் அறிகுறி இல்லை. அங்கே அழுக்கு தங்கியிருக்கிறது என்று ஈறு சொல்லும் சேதி. பல்லில் இறுகிப் படிந்த அழுக்கான காறையை எடுத்துவிட்டுத் தினமும் மென்மையாக நூல் விடச் சொன்னார். பத்து நாளில் இரத்தம் நின்றுவிட்டது. நின்றிருக்காவிட்டால் திரும்ப வரச் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்தும் இரத்தம் வந்தால், அதை நாமே சமாளிக்கப் பார்க்கக் கூடாது. ஈறு நோய் இருக்கும் நிலையில் பல்லை நகர்த்தினால், பல்லைத் தாங்கும் எலும்பு குறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

பற்கள் நகர நகர இடுக்குகளும் மாறும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு செட்டும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான் நகர்த்துகிறது. ஆனாலும் மூன்றாவது மாதம் இறுக்கமாக இருந்த இடம் ஆறாவது மாதம் சற்று விலகி, சாப்பிட்டதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தது. அங்கே நூல் போதவில்லை. பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ் வாங்கினேன். அது பல அளவுகளில் வருகிறது. இடுக்கில் இலேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், திணிக்கக் கூடாது. எந்த இடுக்குக்கு எந்த அளவு என்று கிளினிக்கிலேயே காட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த விஷயத்தில் அலைனர் போடுபவர்களுக்குக் கம்பிக் கிளிப் போட்டவர்களைவிடச் சௌகரியம் அதிகம். கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணமாகவே சுத்தம் செய்யலாம். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

இனி அலைனரைச் சுத்தம் செய்வது. பல்லை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு அலைனரைக் கழுவாமல் மாட்டினால் பாதி உழைப்பு வீண். அதன் உட்புறத்திலும் கிருமிப் படலம் படியும். நான் முதல் இரண்டு செட்டைப் பல் துலக்கும் பேஸ்டாலேயே தேய்த்தேன். பேஸ்டில் இருக்கும் உராய்வுப் பொடி பிளாஸ்டிக்கில் மெல்லிய கீறல்களை உண்டாக்கும். கீறல்களில் அழுக்கு பிடிக்கும், அலைனர் மங்கி வாடை அடிக்கும். இப்போது தனியாக ஒரு மிருதுவான பிரஷ், வாசனையில்லாத மென்மையான சோப்பு ஒரு சொட்டு, குளிர்ந்த தண்ணீர். காலையிலும் இரவிலும் உள்ளேயும் வெளியேயும் ஒரு நிமிடம். வாரத்தில் இரண்டு நாள், இதற்கென்று கிடைக்கும் நுரைக்கும் மாத்திரையைக் கரைத்த தண்ணீரில், பொட்டலத்தில் சொல்லியிருக்கும் நேரம் மட்டும் ஊற வைக்கிறேன். நிறமுள்ள மௌத்வாஷில் ஊற வைக்காதீர்கள், நிறம் ஏறிவிடும். வெந்நீர் மட்டும் கூடவே கூடாது. குளிர்காலத்தில் ஒரு நாள் குழாயில் வந்த சுடுதண்ணீரில் கழுவிவிட்டேன். பார்க்க ஒரு மாற்றமும் தெரியவில்லை, ஆனால் மாட்டினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. டாக்டரிடம் கேட்டு, அதற்கு முந்தைய செட்டைச் சில நாள் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பழைய செட்டுகளில் கடைசி ஒன்றையாவது தூக்கிப்போடாமல் வைத்திருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன், இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அலைனரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில இடங்களில் மட்டும் வெள்ளையாகப் பொருக்கு படிந்திருக்கும். எனக்குக் கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கத்திலும் படிந்திருந்தது. டாக்டரிடம் காட்டியபோது, அங்கேதான் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாய்க்குள் திறக்கின்றன, எச்சிலில் இருக்கும் தாதுக்கள் முதலில் படிவது அங்கேதான் என்றார். அதாவது பல்லில் காறை எங்கே சேரும் என்பதை அலைனரே வரைபடமாகக் காட்டுகிறது. அன்றிலிருந்து வாரம் ஒரு முறை அலைனரைப் பார்த்துவிட்டு, அந்த இடத்துப் பற்களுக்குக் கூடுதலாகச் சில நொடி கொடுக்கிறேன்.

டப்பாவையும் கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் அதுவும் கிருமிக் கூடுதான். அலைனருக்கு இரண்டே இடம்தான்: ஒன்று வாய், இல்லாவிட்டால் டப்பா. காகிதக் கைக்குட்டையில் சுற்றி மேசையில் வைத்தால் யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்கும் ஒரு தடவை அப்படிப் போய்விட்டது.

இதெல்லாம் போடத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டியவை. தங்கச்சிக்கு இப்போதே தேவைப்படுவது வேறொன்று. அலைனருக்காகப் பல்லை ஸ்கேன் செய்யும் முன்பே சொத்தைகளை அடைத்து, காறையை எடுத்து, ஈறைச் சரிசெய்துவிட வேண்டும். எனக்கு இரண்டு பல்லில் சொத்தை இருந்ததால் ஆரம்பிப்பதற்கே ஒன்றரை மாதம் ஆனது. அப்போது பொறுமை இழந்தேன். ஸ்கேன் எடுத்து எல்லாச் செட்டும் செய்த பிறகு ஒரு பல்லை அடைத்தால் அதன் வடிவம் மாறிவிடும், செய்து வைத்த செட் சரியாக உட்காராமல் போகலாம். நடுவில் புதிதாகச் சொத்தை வந்தாலும் இதே கதிதான். கிளினிக்குப் போகாமல் வீட்டுக்கே அச்சு எடுக்கும் பெட்டியை அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது என்று அவள் சொன்னாள். அதை வேண்டாம் என்று அவளிடம் அழுத்தமாகவே சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே எடுத்து எலும்பையும் வேரையும் பார்க்காமல், ஈறை ஆழம் அளக்காமல் பல்லை நகர்த்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. என் வெள்ளைக் கீற்றைக் கண்டுபிடித்தது நேரில் பார்த்த ஒருவரின் கண்ணும், அந்தக் காற்றுக் குழாயும்தான். ஈரமான பல்லில் அது தெரியாது, நானே தினமும் கண்ணாடியில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கீற்றுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். முதலில் கிளினிக்கில் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நான்கு தடவை. பூசிய அன்று அலைனரில் அது ஒட்டும் என்பதால், செட் மாற்றும் நாளுக்கு முந்தைய நாளாகப் பார்த்து நேரம் கொடுத்தார். வீட்டில் இரவு துலக்கியதும் பால் புரதத்திலிருந்து செய்த, கால்சியமும் பாஸ்பேட்டும் கலந்த ஒரு கிரீமை விரலால் பல்லில் தடவச் சொன்னார். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. எனக்கு அந்தத் தொல்லை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ஃப்ளூரைடு அதிகமுள்ள பேஸ்ட்டுகளும் உண்டு. அவற்றை டாக்டர் சொல்லாமல் நாமாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். இதையெல்லாம் விட முக்கியமான வைத்தியம், காபிக் கோப்பை கணினிப் பக்கத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் போனதுதான். காரணத்தை நிறுத்தாமல் மேலே எதைப் பூசினாலும் பயன் இருந்திருக்காது.

இருபத்தெட்டாவது செட்டோடு முதல் சுற்று முடிந்தது. சிறு திருத்தத்துக்காக இன்னும் எட்டு செட் போட்டேன். அட்டாச்மென்ட்டுகளை எடுத்துப் பல்லை மெருகேற்றிய அன்று என் தெற்றுப்பல் வரிசையில் நின்றது. நானோ பல்லின் நேரைப் பார்க்கும் முன் ஈறு ஓரத்தைத்தான் பார்த்தேன். இப்போது இரவில், பல்லை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ரிடெய்னர் போடுகிறேன். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் இதை நிறுத்தும் எண்ணம் இல்லை. அதுவும் ஒரு மூடிதான், அதனால் துலக்காமல் அதையும் மாட்டுவதில்லை.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் மறுபடி கோரைப்பல்லைத் துடைத்து, காற்றால் ஊதிக் காயவைத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். அட்டாச்மென்ட்டைச் சுற்றியிருந்த வளையம் போயிருந்தது. ஈறு ஓரத்துக் கீற்று இன்னும் இருக்கிறது, முன்பைவிட மெலிந்து, தொட்டால் வழவழப்பாக. "இது இப்படியே நின்னுடுச்சு, பயப்பட வேண்டாம். முழுசா மறையறது கஷ்டம்" என்றார். பக்கத்து நாற்காலியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை வாங்கி, என் முகத்தருகே குனிந்து, அந்தக் கீற்றை ரொம்ப நேரம் பார்த்தாள்.